கடைசியாப் பேசுனவ

"எத்தன வாட்டிதான் ‘அடுத்தது நீங்கதான்’னு சொல்லுவ? வரிசையா உக்கார வெச்சு வேடிக்கை பாக்க நாங்க என்ன பொம்மையா?"

காளியம்மா போட்ட சத்தத்துல, அலோர் ஸ்டார் ஹோட்டல்ல டீ குடிச்சுக்கிட்டிருந்த வெள்ளைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"ஆன்டி, மெதுவாலா..." கெஞ்சினா சாந்தினி. தமிழ்ல பேசுறத மேடையில இங்கிலீஷ்ல சொல்ல வந்த பொண்ணு அது. "டீ முடிஞ்சதும் கண்டிப்பா உங்களுக்குத்தான் மைக்கு."

"காலையில இதையேதான் சொன்ன. அப்புறம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியட்டும்னே. சோறு தின்னுட்டு வாங்கன்னே. இப்ப சாயங்காலமே ஆயிருச்சு!"

ஜனநாயகம், மனித உரிமை, உலகத்துப் பிரச்சினைன்னு வருசத்துக்கு ஒரு ஊர்ல நடக்குற மாநாடாம் அது. போன வருசம் பேங்காக்காம். இந்த வருசம் மலேசியாவுல, நம்ம கெடா மாநிலத்துல. ஏசியப் போட்டுக் கொல்றாங்க. பக்கத்துல, அவகூட தோட்டத்துலருந்து வந்த பிச்சையம்மாள் முந்தானையத் தலையோட போத்திக்கிட்டு நடுங்குறா. அவ அப்படித்தான். பினாங்குல மகளுக்குப் பிரசவம் பாக்கப் போனவ, ஆஸ்பத்திரி ஏசிக்குப் பயந்து வெளிய பெஞ்சுலயே கெடந்தா. பேரனை வெளிய தூக்கிட்டு வந்து காட்டினாங்க. அந்தக் கதை இப்ப எதுக்கு.

காளியம்மாவோட ஆத்திரம் மைக்குக்காக மட்டும் இல்ல. புக்கிட் செலம்பாவ் பக்கம் அவங்க ரப்பர் தோட்டத்துக் கோயில்ல ஒரு மண்டபம் இருக்கு. சின்னப் பிள்ளைங்க படிக்கிற தாடிக்கா அதுலதான் நடக்குது. டீச்சர் அவ மக மாலாதான். அந்த எடத்தைக் கார் கழுவுற கடைக்கு விடணும்னு கோயில் தலைவர் சசிதரன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு.

அந்தக் கோயில்ல நோட்டீசு கீட்டீசு கெடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை முடிஞ்சு தலைவர் மணியடிச்சா, அதான் கூட்டம். அப்ப நிக்கிறவங்க கை தூக்குனா, அதான் முடிவு. இத்தன வருசமா தூக்குனதெல்லாம் ஆம்பளைக் கைதான். இந்த வருசம் காளியம்மா பொம்பளைங்களத் தெரட்டிக்கிட்டு வெள்ளி தவறாம வந்து நின்னா. சசிதரன் மணிப்பக்கமே போகல.

அப்பேர்ப்பட்ட மனுசன் போன வாரம் அவ வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. "அக்கா, தோட்டத்துப் பொம்பளைங்க வந்து பேசணும்னு மாநாட்டுல கேக்குறாங்க. உங்கள விட்டா யாருக்கா இருக்கா? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வேன் என் செலவு."

"வெள்ளிக்கிழமையா? நாங்க அந்தப் பக்கம் போனதும் நீ இந்தப் பக்கம் மணியடிக்கவா?"

"என்னக்கா நீங்க! நானும் கூடத்தானே வர்றேன்?"

சொன்ன மாதிரியே வேனுக்கு முன்னால காரை விட்டுக்கிட்டு வந்தாரு. வழியில குருன்ல நிப்பாட்டி எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு வேற. அப்பவும் காளியம்மா மனசு ஆறல. தாடிக்காவுல சாமான் பூட்டி வைக்கணும்னு மாலா மட்டும் வரல.

"எங்களக் கடைசியில தள்ளுனது எவன்? அதச் சொல்லு மொதல்ல," காளியம்மா சாந்தினிய விடல.

சாந்தினி தயங்கினா. "உங்க தலைவர்தான் ஆன்டி. கடைசியா பேசுறவங்களத்தான் யாரும் மறக்க மாட்டாங்க, அக்காவக் கடைசியில போடுங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

காளியம்மா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு உக்காந்துட்டா.

ஒரு வழியா மைக்கு கைக்கு வந்துச்சு. வந்ததும் பாருங்க, காலையில இருந்து அடக்கி வெச்சது அத்தனையும் கொட்டுச்சு.

"எங்க பிள்ளைங்க அ, ஆ எழுதுற எடத்துல காருக்குச் சோப்புப் போடணுமாம்! யாரக் கேட்டு? பால் மரம் வெட்டுனப்ப இந்தக் கை வேணும். திருவிழாவுக்குச் சோறாக்க இந்தக் கை வேணும். இதே கையக் கோயில்ல தூக்குனா மட்டும் கசக்குதா?"

சாந்தினி இங்கிலீஷ்ல சொல்லி முடிக்கல, மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுது. பிச்சையம்மாள்கூட போத்துன முந்தானைய எடுத்துட்டுத் தட்டுறா.

காளியம்மா மைக்க விடல. "இன்னொண்ணும் சொல்லணும்ங்க. நாங்க சண்டை போடுறதே எங்க தலைவர்கூடத்தான். ஆனா எங்கள இங்க கொண்டாந்து பேச வெச்சதும் அவருதான். அவரத் தப்பா நெனச்சுட்டேன். சசிதரன் தம்பி, ரொம்ப நன்றிப்பா!"

மறுபடியும் கைதட்டல். மொத வரிசையில அவரு நாற்காலி காலியா கெடந்துச்சு. கூச்சப்பட்டு வெளிய போயிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டே எறங்கினா.

பையில போன் அடிச்சுது. மாலா. அழுவுறா.

"அம்மா, சசிதரன் மாமா இப்பதான் வந்து மணியடிச்சாரு. கார் கடைக்கு வேணாம்னு நான் ஒருத்திதாம்மா கை தூக்குனேன்."