சும்மா இருந்தால் கத்தும்

"சத்தம் வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா. ரிப்பேரெல்லாம் அப்புறம்."

முதுநகரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் திலகவதிக்கு இப்படி ஒரு ஆள் வந்ததே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்பார்கள். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த உமாசங்கரோ, லேப்டாப்பைக் கீழே வைக்கக்கூட மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாதிரி சத்தம் சார்?"

"தெரியாது. எனக்குக் கேக்கலையே! எங்க அம்மாவுக்கும் கேக்கல. வீட்டுல ஒரே ஒருத்தருக்குத்தான் கேக்குது. அதுவும் லினக்ஸ் போட்டா மட்டும். விண்டோஸ்ல ஒண்ணும் கிடையாது."

"ஒரே லேப்டாப்தானே சார்?"

"ஒரே லேப்டாப்தான், ரெண்டு சிஸ்டம் போட்டிருக்கேன். ஆன் பண்றப்ப எது வேணும்னு கேக்கும்."

"உங்க வீடு எங்க சார்?"

"கோயிலை ஒட்டின மாதிரி. சாயரட்சை மணி அடிச்சா பக்கத்துல பேசுறதே கேக்காது."

"அந்த மணிச் சத்தத்துலயே இருக்கிறவங்களுக்கு இது கேக்குதா?" திலகவதி சிரித்தாள்.

உமாசங்கர் சிரிக்கவில்லை. "அம்மா எல்லாம் பிரமைங்கறாங்க. திங்கக்கிழமை பாண்டிச்சேரியில டாக்டரைப் பாக்கணும். சத்தம் நிஜம்னா தைரியமா அவர்கிட்ட சொல்லுவேன். இல்லன்னா, அவர் என்ன சொல்றாரோ அதைக் கேட்டுக்கிட்டு வரவேண்டியதுதான்."

திலகவதிக்குச் சுருக்கென்றது. பாவம், இவர் பெண்டாட்டி. வீட்டில் ஒரு பொம்பளைக்குச் சத்தம் கேட்டுவிட்டால் போதுமே, உடனே பைத்தியக்கார டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நிரூபித்தே காட்டுகிறேன் என்று அவள் லேப்டாப்பை வாங்கி மேஜைமேல் வைத்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

தெருவில் துறைமுக லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கினாள். மின்விசிறியை நிறுத்தினாள். லினக்ஸைப் போட்டுவிட்டு, கீபோர்டு மேல் காதை வைத்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி அவள். எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் போட் கரைக்கு வருகிறது என்று சொல்லிவிடுகிற வீட்டில் பிறந்தவள்.

"இருக்கு சார்! கீச்சுன்னு, கொசுவை விட மெல்லிசா!"

"எனக்காகச் சொல்லாதீங்க. சிதம்பரத்துல ஒரு கடையில ஃபேன்தான் சார் கத்துதுன்னு சொல்லி, ஃபேனையே மாத்திட்டான். நீ கேட்டியாப்பான்னா, 'கேட்டிருக்கும் சார்'ங்கறான்."

திலகவதி லேப்டாப்பைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபேன் ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. ஹார்டு டிஸ்கையே கழற்றிவிட்டு, லினக்ஸ் சிடி போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே கீச்சு. கை வலிக்கிறதே என்று ஒரு மவுஸை எடுத்துச் சொருகினாள்.

சத்தம் நின்றுவிட்டது.

மவுஸைப் பிடுங்கினாள். மறுபடியும் கீச்சு. சொருகினாள், நின்றது.

"சார், இது சும்மா இருக்கிறப்பதான் கத்துது! வேலை இல்லன்னா லினக்ஸ்ல இந்த மெஷின் தூங்கிடுது. ஒரு செகண்டுக்கு ஆயிரம் தடவை தூங்கித் தூங்கி முழிக்குது. ஒவ்வொரு தடவையும் போர்டுல இருக்கிற குட்டிக் காயில் ஒண்ணு துடிச்சுக் கத்துது. மவுஸைச் சொருகினா தூங்க விடாது, அதான் நிக்குது. யம்மாடி! செகண்டுக்கு ஆயிரம் தடவை சார். இதுவரைக்கும் எத்தனையோ பிரிச்சுப் போட்டிருக்கேன், இப்படி ஒண்ணைக் கேட்டதே இல்ல."

உமாசங்கர் எழுந்து நின்றார். "சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு சார்?"

"வீட்டுல லினக்ஸ், விண்டோஸ்னு மாத்தி மாத்திப் போட்டு இப்படித்தான் செஞ்சு பாத்தேன். இங்க மவுஸை நான் சொருகுவேன், பிடுங்குவேன். பாக்காம சொல்லணும்."

திலகவதி சுவரைப் பார்த்து நின்றாள்.

"இப்ப?"

"கத்துது."

"இப்ப?"

"நின்னுடுச்சு."

"இப்ப?"

"இப்பவும் நின்னுதான் இருக்கு. ஏமாத்துறீங்க!"

விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் திரும்பியபோது, உமாசங்கர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

திலகவதிக்கு மனசு இளகிப்போனது. "விடுங்க சார். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, தைரியமா வீட்டுக்குப் போங்க. ஹார்டு டிஸ்கை மாட்டிட்டு லினக்ஸ்ல ஒரே ஒரு வரி சேத்துடறேன், மெஷின் அப்படித் தூங்காது. அதோட இந்தச் சனியன் புடிச்ச சத்தம் ஒழிஞ்சுது."

அவள் கீபோர்டில் கை வைத்ததுதான் தாமதம், உமாசங்கர் பதறிப்போய் லேப்டாப்பை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, நிறுத்திடாதீங்கம்மா! முன்னாடியே சொன்னா பாவம் பாத்து சத்தம் இருக்குன்னுடுவீங்களோன்னுதான் சொல்லல. சாயரட்சை மணி அடிக்கறப்ப அதுக்குக் கீழயே என் பொண்ணு வித்யாவைத் தூக்கிக்கிட்டு நின்னோம், அவ திரும்பல. காதே கேக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பொறந்து மூணு வருசத்துல எந்தச் சத்தத்துக்கும் திரும்பாத குழந்தை, இந்த மெஷின்ல லினக்ஸைப் போட்டா மட்டும், பொம்மையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிவந்து இதுமேல காதை வைக்கிறாம்மா!"