நடுவரின் பிடி

ஐம்பது கிலோ எடைப் பிரிவில் பதினோரு வருஷமாகக் குத்துச்சண்டை போடுகிறவன் இஸ்ரவேல். வளரும் பையன்களின் வெற்றிப் பட்டியலை நீட்டத்தான் அவனை ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். அன்றும் பத்துச் சுற்று முடிந்ததும் நடுவர் இருவரின் மணிக்கட்டையும் பிடித்தபடி நடுவில் நின்றார். ஒலிபெருக்கி உள்ளூர்ப் பையனின் பெயரைச் சொன்னது. ஒரு கண் முழுக்க வீங்கி மூடியிருந்த அந்தப் பையனின் கையை நடுவர் உயர்த்தினார். இஸ்ரவேல் தன் கையைத் தானே உயர்த்தினான், நடுவரின் பிடியோடு சேர்த்து.

உள்ளூர்ப் பையனுக்காக முழங்கத் தொடங்கிய மேளம் நின்றது.

"கைய எறக்குப்பா," என்றார் நடுவர், உதடு அசையாமல்.

"மாட்டேன் சார். ரெண்டு வாட்டி அவன் கீழ வுழுந்தான். பக்கத்துல நின்னு நீங்கதான எண்ணுனீங்க?"

கூட்டம் ஊளையிட்டது. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து காலருகே விழுந்தது. இஸ்ரவேல் அசையவில்லை. பத்துச் சுற்று அடித்த தோள் மட்டும் நடுங்கத் தொடங்கியது. கடைசியில் வலு முழுவதும் தீர்ந்து, கையைத் தளரவிட்டான்.

கை கீழே இறங்கவில்லை. மணிக்கட்டில் நடுவரின் பிடி இறுகியிருந்தது.