நடுத் துண்டு

மியூனிக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கட்டுரை அச்சேறினால் எழுதியவர் கேக் கொண்டுவர வேண்டும். நடுத் துண்டை அவரே முதலில் தின்ன வேண்டும். தன் கட்டுரை அச்சேறியதும் ஃப்ராகே பெரிய தட்டு நிறைய பிளம் கேக் கொண்டுவந்தாள். சதுரம் சதுரமாக வெட்டி, நடுத் துண்டைத் தின்றாள்.

அவள் வேலை அணுக்களைப் படமெடுப்பது. கடுங்குளிரில் அணுக்களைச் சதுரமாக நிறுத்தி, நடு அணுவை மட்டும் லேசரால் தட்டி வெளியேற்றிவிட்டுப் படமெடுப்பாள். ஒவ்வொரு படத்துக்கும் புதிய அணுக்கள். சில படங்களில் மட்டும் வெளியேற்றிய அணு நடுவிலேயே மின்னியது. அவற்றைக் கழிவில் தள்ளிவிட்டு, எந்தப் படத்தையும் ஒதுக்கவில்லை என்று கட்டுரையில் எழுதினாள்.

கூட வேலை செய்யும் ஹென்னிங், அவள் எடுத்த படம் அச்சான பக்கத்தைச் சுவரில் ஒட்டினான்.

"என்ன ஃப்ராகே, நடு காலின்னு எழுதியிருக்கே! இங்க ஒருத்தர் ஜம்முனு உட்கார்ந்திருக்காரே?"

"அச்சுல ஏதோ தப்பு."

"நீதானே திருத்தம் பார்த்தே? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தன் அறைக்குப் போய், கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட படங்களைத் திறந்தாள். எல்லாவற்றிலும் நடுவில் அணு இருந்தது. கழிவில் தள்ளியவற்றைத் திறந்தாள். ஒன்றில்கூட இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று திரும்பி வந்தாள். மற்றவர்கள் கேக்கைத் தின்று முடித்திருந்தார்கள்.

"எங்க போனே? நீ இன்னும் சாப்பிடவே இல்லையே," என்று ஹென்னிங் தட்டை நீட்டினான்.

தட்டில் நடுத் துண்டு மட்டும் இருந்தது.