கற்குவியல், இடது பக்கம்

கல்லுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆமாம், கல்லுக்காகத்தான் என்றேன்.

செஞ்சியில் இருந்துகொண்டு கல்லுக்காக மனு கொடுக்க ஒருவன் வருவான் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் முழுக்கக் கல்தான்.

பெயர் ரஞ்சனி. அவலூர்பேட்டை சாலையை அகலப்படுத்தும் கம்பெனியில் கம்ப்யூட்டரில் சாலை வரைகிறவள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. மனு எழுதப் பெயர் கேட்டாள். சொல்லவில்லை. அதோடு சேர்க்க ஆதார் அட்டை கேட்டாள். சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை.

சர்க்கார் பேரைச் சொல்லிக்கொண்டு யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதுதான் என் வழக்கம். இல்லாததை எவனும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

நேற்று என் நிலத்தில் சிவப்பு நாடா கட்டிய முளையை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். முளைக்கு இந்தப் பக்கம் சாலை, அந்தப் பக்கம் நான். கற்குவியல் சாலைப் பக்கம் போய்விட்டது.

அந்தக் கல்லுக்குக் கீழே என் பெண்சாதி அம்மாக்கண்ணு இருக்கிறாள்.

கொரோனாவில் வீட்டிலேயே செத்தாள். சுடுகாட்டுக்குள் விடமாட்டோம் என்று ஊர் வழியை மறித்தது. அவள் தம்பியும் நானும்தான் குழி வெட்டினோம். யாரிடமும் எழுதிக் கேட்கவில்லை. நரி தோண்டாமலிருக்கக் கல்லை அடுக்கினேன்.

இதை ரஞ்சனியிடம் சொல்லவில்லை.

"ரோடு வருதுன்னு தெரிஞ்சா ஊர்ல இருக்குற கல்லெல்லாம் சாமி ஆயிடுது தாத்தா" என்றாள். போன வாரம் மட்டும் இரண்டு கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு வந்தார்களாம். இன்று சாயந்தரம் வரைபடம் மேலே போகிறது, போனால் போனதுதான் என்றும் சொன்னாள்.

சாலைக் கோட்டைத் தள்ளிப் போடு என்றேன். அதையே நாலு தடவை சொன்னேன்.

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். சாலையைப் பூசணிக்காய் மாதிரி குறுக்கே வெட்டினால் தெரிகிற படம் இரண்டு இருந்தது. டெம்ப்ளேட் என்றாள். ஒன்று காட்டுப்பக்கத்துக்கு: குறுகின தார், ஓரத்தில் மண். இன்னொன்று ஊர்ப்பக்கத்துக்கு: அகலத் தார், இரண்டு பக்கமும் கால்வாய், நடைபாதை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று தாவ முடியாதாம். இந்தப் படத்தின் ஓரத்தை அந்தப் படத்தின் ஓரம் வரைக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்க்குமாம், நூறு மீட்டருக்கு.

புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வாய்க்காலைப் பெரிய வாய்க்காலில் சேர்க்கும்போது நானும் அப்படித்தான் வெட்டுவேன். வெடுக்கென்று அகலித்தால் கரை நிற்காது.

அந்த நூறு மீட்டர் ஏன் என் நிலத்தில் என்று கேட்டேன்.

அங்கேதான் காலி என்றாள்.

ஊர்ப்பக்கம் தள்ளு என்றேன். அங்கே பள்ளிக்கூட வாசல், அதற்கு முன்பே நடைபாதை வந்தாக வேண்டும் என்றாள். காட்டுப்பக்கம் தள்ளினால் குவியல் இன்னும் சாலைக்குள்ளே போகும், அது எனக்கே தெரிந்தது.

அப்படியானால் கல் இருக்கிற இடது ஓரத்தைத் தொடாதே, அகலத்தை எல்லாம் வலது பக்கம் இழு என்றேன்.

அவள் இழுத்துப் பார்த்தாள். இடதுகோடு நேரானது. வலதுகோடு வயிறு மாதிரி வீங்கி ஒரு வட்டத்தை விழுங்கியது.

அது கிணறாயிற்றே, யாருடையது என்றாள்.

என்னுடையது, சாலைக்கு அந்தப் பக்கமும் என் நிலம்தான், எடுத்துக்கொள் என்றேன்.

இரண்டு ஏக்கர் கரும்பு அந்தக் கிணற்றை நம்பித்தான் நிற்கிறது. அதையும் சொன்னேன், கேட்டதால்.

அவள் கை நின்றுவிட்டது. கிணற்றைக் கொடுத்துக் கல்லைக் காப்பாற்றுகிறவனை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. "கல்லுக்குக் கீழ இன்னா தாத்தா இருக்குது? ராஜா காலத்துப் புதையலா?"

சொன்னேன். இத்தனை வருஷத்தில் வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

சமாதி என்று அளவைக் குறிப்பில் ஒரு வார்த்தை இருந்தால் போதும், கோட்டை மாற்றுவேன், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். போன வருஷம் அளந்தவர்கள் எழுதிய குறிப்பைத் திறந்தாள். புளியமரம், கரண்டு கம்பம், கிணறு என்று ஒவ்வொன்றாக விரல் இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. அங்கே எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

கற்குவியல், இடது பக்கம். வெறும் கல். அடியில் எதுவும் இல்லை. அங்கே இருந்தவர் நேரில் சொன்னது.

அதற்குக் கீழே கையெழுத்து. அதையும் வாசித்தாள்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்பளை படுத்திருக்கிற இடத்தை வெறும் கல் என்று சொல்ல ஒருத்தனுக்கு எப்படி வாய் வந்தது என்றாள்.

"யாரு தாத்தா இந்தத் துரைக்கண்ணு? அந்த ஆளக் கூட்டியாங்க. சொன்னது பொய்யின்னு அவரு வாயால சொல்லட்டும், இப்பவே மாத்திடறேன்."

சட்டைப் பையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆதார் அட்டையை எடுத்தேன். பெயர் தெரியும்படி அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.