பச்சைக் கட்டங்கள்

கம்ப்யூட்டர் திரையில் தன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தைச் சிவப்பாக்கினாள்.

காப்பர் கம்பி வரவில்லை. கம்பி இல்லாமல் அவள் பட்டறையில் காயில் சுற்ற முடியாது. காயில் இல்லாமல் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாமல் மின்சார ஸ்கூட்டர் வெறும் பொம்மை.

பதினெட்டுப் பட்டறைகளும் ஸ்கூட்டர் கம்பெனியும் பார்ப்பது ஒரே திரையைத்தான். சரக்குத் தயார் என்றால் பச்சை. தாமதமானால் சிவப்பு.

"எதையும் ஒளிக்காதீங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கம்பெனி வைத்த பயிற்சியில் சொன்னார்கள். தேங்காய் பன்னும் கொடுத்தார்கள்.

நம்பிவிட்டாள்.

கம்பிக்காரரின் கட்டம் நான்கு நாளாகப் பச்சை. வண்டியைத்தான் காணோம்.

காளப்பட்டியிலிருந்து சென்னியப்பன் கூப்பிட்டான். அவனும் காயில் சுற்றுகிறவன்.

"ஏனுங்க்கா, நெசத்தையேவா போட்டுட்டீங்க?"

"கேட்டாங்களே, தம்பி."

"கேப்பாங்க. சோறு ஆச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லோணும். உலையே வெக்காட்டியும்."

மத்தியானம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அவளுடைய வெளிப்படைத்தன்மைக்கு நன்றி. இனி காயில் முழுவதும் காளப்பட்டியிலிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

திரையில் அவள் பெயர் இருந்த வரியே இல்லை.

மற்றதெல்லாம் பச்சை. மழை கண்ட காடு மாதிரி.

சுற்றும் மெஷின்களுக்கு முன்னால் ஐந்து பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மயிலாத்தாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கம்மணி, பச்சைப் பெயிண்டு தீந்துபோச்சுன்னா எங்கூட்லருந்து கொண்டாந்திருப்பனே."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளும்.

நான்கு மணிக்கு மறுபடியும் சென்னியப்பன். குரல் இறங்கியிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க்கா. நானாக் கேக்கல. அவுங்களா மாத்தி உட்டுட்டாங்க."

"கம்பி வந்துச்சா உனக்கு?"

"எங்கீங்க்கா வந்துச்சு."

"அப்பறம்?"

"பச்சை போட்டிருக்கறனுங்க."

அவனே தொடர்ந்தான்.

"நாளைக்குக் கம்பி வந்துட்டா, இத்தனையும் சுத்தறதுக்கு எங்கிட்ட ஆளில்லீங்க. உங்க அஞ்சு பேத்தையும் அனுப்பி உட்டீங்கன்னா..."

ஐந்து முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

மேசை விளக்கை அணைத்தாள்.

"ஆறு பேரு வர்றாங்க, தம்பி."

"ஆறாவது யாருங்க்கா?"

போனோடு போய் அந்த ஐந்து பேர் வரிசையில் உட்கார்ந்தாள்.

"நல்லாச் சுத்துவா. இனி வாயத் தொறக்கமாட்டா."