ஜூன் மாத நீலம்

டொலார்ட் நகரிலுள்ள தன் வீட்டின் பின்வளவில், மேப்பிள் மரத்து நிழலில், சூசைதாசன் குனிந்து நின்று கைபேசியை ஹொஸ்டாச் செடிக்கு நேரே பிடித்திருக்கிறார். வன்கூவருக்கு வேலைக்குப் போகுமுன் மகள் ஜெனிற்றா நட்டபோது அது கையகலக் கன்று. இப்போது இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத அகலம். சுளகு போன்ற இலைகளில் சாம்பல் கலந்த நீலம் மாத் தூவியதுபோலப் படிந்திருக்கிறது. அவருடைய விரல் உரசிய இடத்தில் மட்டும் நீலம் அழிந்து பச்சை தெரிகிறது. "ஐயோ, என்ன நீலம் அப்பா! நான் நேரிலை பாக்கவேணும்," என்கிறாள் கைபேசித் திரையில் ஜெனிற்றா. "இப்ப வாவன், பிள்ளை." "இப்ப லீவு எடுக்கேலாது. ஓகஸ்டிலை கட்டாயம் வாறன்." பக்கத்து வளவில் புல்வெட்டும் இயந்திரம் ஓய்கிறது. ஓகஸ்ட் வெயிலுக்குள் இந்த நீலம் முழுதும் கரைந்து, வெறும் பச்சைச் செடிதான் மிஞ்சும். ஒவ்வொரு வருடமும் தனியே நின்று அதைப் பார்த்திருக்கிறார். சொன்னால் அவள் வராமலே விட்டுவிடுவாளோ என்று பயமாயிருக்கிறது. "ஓம், வா பிள்ளை. அப்பவும் இப்பிடியே நல்ல நீலமாயிருக்கும்," என்கிறார், வழமையைவிடச் சத்தமாக. "சரி அப்பா, பேந்து எடுக்கிறன்." அழைப்பு நின்றுவிடுகிறது. அதன் பிறகும் அவர் செடியைப் பார்த்தபடி, "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்.