போடில் மறந்த கண்ணாடி

"இன்னைக்கும் கண்ணாடியை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் போடில்.

வகுப்பே உச்சுக்கொட்டியது. டென்மார்க்கின் அந்தப் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. அதை ஓட்டத்தான் தொழிலாளர்களுக்கு இந்தப் பயிற்சி. கையேட்டிலிருந்து வரிசையாக ஆளுக்கொரு பத்தி உரக்கப் படிக்க வேண்டும். பயிற்சியாளர் சிக்னே விளக்கம் சொல்வாள்.

போடிலிடம் வந்ததும் வண்டி நின்றுவிடும். "மிச்சம் பூராவும் நீங்களே படிச்சிடுங்க சிக்னே. கேட்டாத்தான் எனக்கு ஏறும்" என்பாள். சிக்னேவும் வேறு வழியில்லாமல் படிப்பாள். போதாக்குறைக்கு, "இன்னொரு தடவை" என்று வேறு கேட்பாள் போடில். சாப்பாட்டு நேரம் பாதி அதிலேயே போய்விடும்.

போடிலுக்கு அடுத்த நாற்காலி டோர்கிலுடையது. அப்பாடா என்றிருக்கும் அவனுக்கு.

ஐம்பதை நெருங்கியும் அவனுக்கு எழுத்து வசப்படவில்லை. தாளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். காதால் கேட்டதோ அப்படியே மனசில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று வாங்கிய பட்டத்தை இங்கேயும் வாங்க மனசில்லாமல் யாரிடமும் மூச்சு விடவில்லை. அறிவிப்புப் பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று பேச்சுவாக்கில் போடிலிடம் கேட்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான். இப்போது பழைய இயந்திரம் காயலான் கடைக்குப் போகிறது. பயிற்சியில் தேறாவிட்டால் அவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லார் நேரத்தையும் வீணடித்தவர் மறுநாள் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். போடில் தினமும் கேக்கோடு வந்தாள்.

அவளை அதிகம் கிண்டலடித்தது டோர்கில்தான். "கேக்கை மட்டும் மறக்க மாட்டேங்கறே. கண்ணாடிதான் மறந்துபோகுது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

தேர்வு நாள் வந்தது. திரை நிறையக் கேள்விகள்.

போடில் கையைத் தூக்கினாள். யாரோ முனகினார்கள். கேள்விகளைக் கணினியே படித்துக் காட்டும் வசதி உண்டாமே என்று கேட்டாள். உண்டு, வேண்டியவர்கள் ஹெட்போன் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் சிக்னே.

போடில் இரண்டாக எடுத்துவந்து, ஒன்றை டோர்கில் பக்கம் தள்ளினாள். "நீயும் மாட்டிக்கப்பா. நான் மட்டும்னா வெக்கமா இருக்கு."

டோர்கில் தேறிவிட்டான்.

அன்று சாயங்காலமே தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சிக்னேவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் நாளே ஹெட்போன் கொடுத்திருப்பேனே என்று வருந்தினாள். இனி யாரையும் உரக்கப் படிக்கச் சொல்வதில்லை என்றாள். அவனைப் போன்ற பெரியவர்களுக்கென்றே, வேலை நேரத்திலேயே நடக்கும் வாசிப்பு வகுப்பில் இடமும் பிடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் கேக் கொண்டுவந்தது டோர்கில். கூடவே போடிலுக்கு ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடும் கயிறு, நல்ல நீல நிறத்தில்.

"எனக்குப் படிக்க வராது, போடில். உன் மறதி மட்டும் இல்லேன்னா இன்னைக்கு எனக்கு வேலையே இல்லை. கிண்டல் பண்ணினதை மனசுல வச்சுக்காதே. ரொம்ப நன்றி."

போடில் கயிற்றைக் கழுத்தில் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல மாட்டறதுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத்தான் கண்ணாடியே கிடையாதே."